பிரேக் இல்லாத சைக்கிள்

1957 பெப்ரவரி 3, ஞாயிறு

வாங்கிவிட்டேன்! அவசரத்தில் எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

நுவரெலியாவில் முனாப் நானாவின் கடையில் போன வருஷத்திலிருந்து பின்சுவரில் தொங்கிக்கொண்டிருந்த சைக்கிள்தான். ஏதோ தோட்டத்து வெள்ளைக்காரச் சின்ன துரை ஒருவர் சீமையில் பந்தய மைதானத்தில் ஓட்டியதாம். ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனாராம். பிரேக் இல்லை, மட்கார்ட் இல்லை, பெல் இல்லை. ஃப்ரீவீல்கூட இல்லை. சக்கரம் சுற்றும் வரைக்கும் பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், காலைச் சும்மா வைத்துக்கொண்டு வர முடியாது.

"நல்லா யோசிச்சுக்கங்க தம்பி, இது ரோட்டுல ஓட்டுற சாமான் இல்ல. திருப்பிக் கொண்டாந்தா நான் எடுக்க மாட்டேன்" என்றார் நானா. நான் எங்கே யோசித்தேன்? ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். கொழுந்துக் கூடை மாதிரி வந்தது. அதோடு சரி, மனசு போய்விட்டது.

பழக்கமில்லாத வண்டி என்பதால் கந்தப்பளை தாண்டி எங்கள் தேயிலைத் தோட்டம் வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்தேன். நாங்கள் குடியிருக்கிற லயத்து வாசலில் நின்ற அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மிச்சப் பாதி எங்கடா?" என்று கேட்டாள்.

பெப்ரவரி 5, செவ்வாய்

விழுந்தேன். ஸ்டோரில் தேயிலை அரைக்கிற வேலை முடிந்ததும் அவசரத்தில் இடுப்பில் கட்டிய சாரத்தோடு ஏறிவிட்டேன். சங்கிலி சாரத்தைக் கவ்விப் பாதியை உருவிக்கொண்டது. தராசில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பொம்பளைகள் எல்லாருக்கும் நல்ல கூத்து. அதில் பூரணியும் இருக்க வேண்டுமா? அத்தை மகள், சித்திரையில் எனக்குக் கட்டப்போகிறவள். "மச்சான், நீங்க அத ஓட்டுறீங்களா, அது ஒங்கள ஓட்டுதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறாள்!

பெப்ரவரி 6, புதன்

இன்றைக்கும் விழுந்தேன். இடது முழங்கால்.

பெப்ரவரி 10, ஞாயிறு

வந்துவிட்டது! வந்துவிட்டது!

காலை நிறுத்தப் பார்த்ததுதான் இத்தனை நாளும் செய்த தப்பு. நிறுத்தினால் பெடல் ஆளைத் தூக்கி எறிகிறது. நிறுத்தவே கூடாது. வேகத்தைக் குறைக்கவேண்டுமென்றால் சுற்றுகிற பெடலைக் காலால் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்த்து அழுத்த வேண்டும். காலையில் புல்லில் பனி வெள்ளையாகக் கிடக்கும்போதே கிளம்பினேன். ஸ்டோர் ஏற்றத்தில் மூச்சு வாங்க வாங்க மிதித்தேன், ஒரு மிதிகூட வீண் போகவில்லை. உச்சியிலிருந்து இறங்கும்போது காது அடைத்தது, கண்ணில் தண்ணீர், தொண்டை கிழியக் கத்தினேன். என்னத்தைக் கத்தினேனோ தெரியாது. மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் காலை ஊன்றாமல் அப்படியே கொஞ்ச நேரம் அசையாமல் நின்றும் காட்டினேன்.

இத்தனை வருஷம் இது தெரியாமலே இருந்திருக்கிறேனே, அடக் கடவுளே!

பெப்ரவரி 17, ஞாயிறு

சின்னக் கிளாக்கர் முத்துலிங்கமும் பக்கத்துத் தோட்டத்து ஒப்பீஸ் ஸ்டாப் ஆட்கள் மூன்று பேரும் ஞாயிறுதோறும் சைக்கிளில் நுவரெலியா போவார்கள். பளபளக்கிற ரலி சைக்கிள்கள், மூன்று கியர், லைட், பின்னால் தோல்பை. இன்றைக்கு வழியில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இது என்னடா, சர்க்கஸ்காரன் போட்டுட்டுப் போன சாமானா?" என்றார் முத்துலிங்கம். மற்றவர்கள் சிரித்தார்கள். "லயத்துல இருக்குறவனுக்கு எதுக்குடா சைக்கிள்?" என்று இன்னொருவர்.

அடுத்த ஏற்றத்தில் நாலு பேரையும் தாண்டிப் போனேன்! கியர் மாற்றுகிற சத்தம் மட்டும் பின்னால் கேட்டது. உண்மையைச் சொன்னால் அவர்கள் ஓட்டவே இல்லை. இறக்கம் வந்தால் காலைச் சும்மா வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி வருகிறார்கள். அதற்குப் பேர் சைக்கிள் ஓட்டுவதாம். தூ!

பூரணியிடம் இதைச் சொன்னேன். "கிளாக்கருக்குத்தான் தலக்கனம்னு நெனச்சேன்" என்றாள்.

பெப்ரவரி 27, புதன்

இன்றைக்கு நடந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

தோட்டத்தில் சைக்கிள் வைத்திருக்கிற எவனும் எதிரே பெரிய துரை வந்தால் இறங்கவேண்டும். தலைத்துண்டை எடுத்துவிட்டு, சைக்கிளோடு ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்று, அவர் போன பிறகுதான் ரோட்டுக்கு ஏறலாம். எங்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை எதிரே வந்தாலும் அப்படித்தான். கிளாக்கர்மாருங்கூட துரைக்கு இறங்கியே ஆகவேண்டும்.

நான் ஸ்டோர் இறக்கத்தில் முழு வேகத்தில் வருகிறேன். முடக்கில் திரும்பினால் பெரிய துரை, அவர் நாய், கணக்கப்பிள்ளை! "எறங்குடா!" என்று கணக்கப்பிள்ளை அலறுகிறார். எங்கே இறங்குவது? காலால் எவ்வளவு எதிர்த்தும் நிற்கவில்லை. "நிக்காதுங்க துரை!" என்று நானும் அலறிக்கொண்டே இரண்டு பேருக்கும் நடுவில் போய்விட்டேன். நாய்தான் கானுக்குள் இறங்கியது!

சாயங்காலம் லயமே என் காம்பரா வாசலில் கூடிவிட்டது. துரையை இறங்காமல் தாண்டிப் போன ஆளாம் நான்! கேட்டவனுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. அம்மா மட்டும் வெளியே வரவில்லை.

பெப்ரவரி 28, வியாழன்

சனிக்கிழமை ஒப்பீசில் விசாரணையாம். பேர் வெட்டப் போகிறார்கள் என்று பேச்சு. பேரை வெட்டினால் வேலை போகும், காம்பராவையும் விடவேண்டும். அம்மாவக் கூட்டிக்கிட்டு எங்க போறது? கல்யாணம்?

மார்ச் 2, சனி

சங்கத் தலைவர் வீரய்யா அண்ணனும் கூட வந்தார். துரை அவருடைய தமிழில் கேட்டார்: "ஏன் எறங்கலே?"

"பிரேக் இல்லீங்க துரை."

"பிரேக் இல்லாத சைக்கிள் என் ரோட்டுலே வேணாம். திங்கக்கெழமே பிரேக் போட்டு வா. பெறகு எறங்கு. எறங்கலே, பேர் வெட்டு." அவ்வளவுதான் விசாரணை. முத்துலிங்கம் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் வீரய்யா அண்ணன் சொன்னார்: "பிரேக் இல்லாம ஓட்டக்கூடாதுன்னு சட்டத்துல இருக்குடா. அதுல அவரு சொல்றது ஞாயந்தான். ஆனா தொரையக் கண்டா எறங்கணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. அதுக்காகப் பேர வெட்டுனா சங்கம் சும்மா இருக்காது. எறங்குறதும் எறங்காததும் ஒன் இஷ்டம்."

பந்தய சைக்கிளுக்குப் பிரேக்கா? அதைவிட ஒரு கூடையும் மாட்டிவிடலாம்! பூரணியிடம் போய்க் கத்தினேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "அன்னைக்கு எறங்காதது நீங்களா, சைக்கிளா? நிக்காதுங்க தொரைன்னு கத்துனீங்களாமே. ஊரெல்லாம் பெரும பேசுனீங்க, ஒப்பீசுல சைக்கிள் மேல பழியப் போட்டுட்டு வந்துட்டீங்க."

எரிச்சலாக வந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் அதுதான். யாரு எறங்கல? நானா? எனக்கே தெரியலையே.

மார்ச் 3, ஞாயிறு

முனாப் நானா முன்சக்கரத்துக்கு ஒரு பிரேக் மாட்டிக் கொடுத்தார். ஃப்ரீவீல் போடுகிறேன் என்றார், அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. எனக்கும் மானம் இருக்கிறது.

தோட்டத்து எல்லையில் பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். நல்லாவே நிற்கிறது. நிற்காமல் இருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

மார்ச் 4, திங்கள்

எழுதிவிடுகிறேன், மறந்தா போகும், இருந்தாலும்.

அதே இறக்கம். மேலேயே பார்த்துவிட்டேன். கீழே முடக்கில் துரை, கணக்கப்பிள்ளை, நாய். எனக்குப் பின்னால் ஒப்பீசுக்குப் போகிற முத்துலிங்கத்தின் ரலி. பிரேக்கை அழுத்தினேன். நடக்கிற வேகத்துக்கு வந்தது. இறங்க வேண்டுமென்றால் இறங்கலாம், அது துரைக்கும் தெரிந்தது. பிரேக்கைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எறங்கு" என்றார் கணக்கப்பிள்ளை. இந்தத் தடவை அலறவில்லை.

அம்மா முகம் வந்தது. "சலாம் துரை" என்றேன். இறங்கவில்லை. சீட்டிலேயே உட்கார்ந்தபடி, மெதுவாக, ஒவ்வொரு மிதியாக மிதித்து அவரைத் தாண்டினேன்! உள்ளே என்னவோ பொங்குகிறது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை!

பின்னால் ரலியின் ஃப்ரீவீல் டிக் டிக் என்று வந்துகொண்டிருந்தது. இப்போது நிற்கும், கிளாக்கருடைய சப்பாத்து தரையில் படும் என்று காதைத் தீட்டிக்கொண்டு போனேன். படவில்லை. முடக்கைத் தாண்டிய பிறகும் அந்தச் சத்தம் எனக்குப் பின்னாலேயே வந்தது.

மார்ச் 5, செவ்வாய்

விடியற்காலை பெரட்டு, அன்றைய வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற நேரம். ஒரே பனிமூட்டம், எதிரில் நிற்கிற ஆள் முகம் தெரியவில்லை. கணக்கப்பிள்ளை பேர் வாசித்துக்கொண்டே வந்தார். வெட்டிய பேரை வாசிக்க மாட்டார். எனக்கு முன்னால் இருக்கிற பேர் வந்தது. நிறுத்தினார். இருமினார். பக்கத்தில் வீரய்யா அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டியப்பன்."

"இருக்கேங்க!" என்று நான் போட்ட சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் டயகம வரைக்கும் கேட்டிருக்கும். மூட்டத்துக்குள்ளே எங்கிருந்தோ பூரணி சிரித்தாள்.