எல்லாருக்கும் நூற்று இருபது

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நானும் சித்தியும் நலம்.

செவிலியர் உதவியாளர் கல்லூரியில் சித்தி எடுக்கும் சனிக்கிழமை வகுப்புக்கு நான்தான் நோயாளி. ரத்த அழுத்தம் பார்த்த எட்டு மாணவிகளும் "நூத்தி இருபது, எண்பது மேடம்" என்றார்கள். பாடப் புத்தகத்திலும் அதே எண். எனக்குச் சந்தேகம் வந்தது. மாடிப்படியில் மூன்று முறை ஓடி ஏறி இறங்கி, மூச்சு வாங்கப் படுத்தேன். அப்போதும் நூற்று இருபது!

வீட்டில் சித்தியிடம் சொன்னேன்.

"எல்லாருமா பொய் சொல்றாங்க?"

"தப்பா சொன்னா திட்டுறீங்களே சித்தி."

சித்தி அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அவர் வேலையை நிரந்தரமாக்குவதா என்று கல்லூரி முதல்வர் முடிவு செய்யும் நேரம். அடுத்த வகுப்பில், "ஸ்டெதஸ்கோப்புல சத்தம் கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுங்கடி, திட்ட மாட்டேன்" என்றார். எட்டுக் கைகளும் உயர்ந்தன. ஒவ்வொருத்தியின் விரலையும் பிடித்து, என் கையில் நாடி துடிக்கும் இடத்தைக் காட்டினார். எனக்கு நூற்று நான்குதானாம். கவலை வேண்டாம், நல்லதுதானாம்.

நேற்று முதல்வர் வந்து, தானே சட்டைக் கையைச் சுருட்டினார். ஒரு மாணவி பயந்துகொண்டே, "நூத்தி அறுபத்தி நாலு சார்" என்றாள். சித்தியும் பார்த்தார், அதேதான்.

"போன வருஷம் உங்க பொண்ணுங்க நூத்தி இருபதுன்னாங்களே!"

"நானும் அதை நம்பிட்டேன் சார்."

முதல்வர் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து சித்தியின் வேலை உத்தரவில் கையெழுத்துப் போடுகிறாராம். கண்ணால் பார்க்கும்வரை நான் நம்பமாட்டேன்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். இங்கே இருப்பது புதிது, ஆனால் தூக்கம் வரவில்லை. துவைக்காமலே அனுப்புங்கள். சித்தி கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்