செவலை போகிற சந்து

செங்கம் ரோடு, திருவண்ணாமலை
12-10-1978

அடி கலா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. வேலூரில் உட்கார்ந்துகொண்டு பள்ளிக்கூடத் தோழிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறவள் நலமாகத்தான் இருப்பாய்.

போன வாரம் உன் வீட்டுக்காரர் வந்தார். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் முளைக்குச்சி அடித்தார். சந்து உங்களுடையதாம், அதை அடைத்து, ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வாடகை அறை கட்டப் போகிறீர்களாம். என் செவலைப் பசு கொட்டகையிலிருந்து தெருவுக்கு எப்படி வரும்? என் சமையலறை வழியாகவா? அது வரும், அதற்கு வெட்கம் கிடையாது. எனக்குத்தான் மனசு எரிகிறது.

நேற்று உன் வக்கீல் பெயர் போட்ட ரிஜிஸ்தர் தபால் வந்தது. தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். வாங்கினால்தானே வழக்கு?

கோபத்துடன்,
சரோஜா

வேலூர்
20-10-1978

என் சரோஜாவுக்கு,

திட்டு முழுவதையும் இரண்டு தரம் படித்தேன். நீ எழுதியதே போதும் என்றிருந்தது.

வீடு அப்பா எனக்கு எழுதிவைத்தது. அதனால் கையெழுத்து நான்தான் போடவேண்டும் என்று இவர் காகிதத்தை நீட்டினார். நாலு இடத்தில் போட்டேன், படிக்கவில்லை. அது என் தப்பு. இப்போது வாதி நான், பிரதிவாதி நீ. கோபம் மட்டும் இவருக்கு.

நான் உனக்கு இதைச் சொல்லக் கூடாதுதான், சொல்கிறேன். வாங்காமல் விட்டால் வழக்கு போய்விடாது. அடுத்து கோர்ட்டிலிருந்து சம்மன் வரும். அதை வாங்கு. வாங்குவது ஒத்துக்கொள்வது ஆகாது, சேதி தெரிந்தது என்று மட்டும்தான் அர்த்தம். அதில் போட்டிருக்கிற தேதியில் ஒரு வக்கீலோடு போய் நில். கொஞ்சம் சொல்பேச்சு கேள் தாயே.

கலா

திருவண்ணாமலை
10-12-1978

கலாவுக்கு,

எதிர்க்கட்சிக்காரி சொன்னதைக் கேட்டு நடக்க எனக்கென்ன பைத்தியமா? கோர்ட் ஆள் வந்தார். வாங்கமாட்டேன் என்று சொன்னேன். பாவம், பொறுமையான மனிதர். வாசல் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். தீபத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தோம் அல்லவா, அந்தக் காகிதத்தின்மேலேயும் சேர்த்து இரண்டு பூச்சு அடித்துவிட்டேன். உன் வழக்கு இப்போது சுண்ணாம்புக்குள் இருக்கிறது!

ஊரெல்லாம் கூட்டம். மலையில் தீபக் கொப்பரை ஏற்றியாகிவிட்டது. தீபத்துக்கு நீ இல்லாதது இதுதான் முதல் தடவை. அதையும் சொல்லிவைக்கிறேன்.

சரோஜா

வேலூர்
18-12-1978

சரோஜா,

இதைப் படித்து முடித்ததும் செருப்பைப் போடு.

போன திங்கட்கிழமை கோர்ட்டில் உன் பெயரை மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார்கள். பதிலில்லை. சுவரில் ஒட்டினதே சம்மன் கொடுத்ததாகக் கணக்கு. நீ வராததால் ஒருதலைப்பட்சமாக எனக்குத் தீர்ப்பாகிவிட்டது. இவர் இனிப்பு வாங்கி வந்தார். நான் சாப்பிடவில்லை.

முப்பது நாளுக்குள், ஏன் வரவில்லை என்று காரணம் சொல்லி, தீர்ப்பை ரத்து செய்யும்படி மனுப் போடலாம். நடந்ததை அப்படியே சொல். அனுமதித்தால் வழக்கு முதலிலிருந்து நடக்கும். உன் பதிலில் முக்கியமாக எழுதவேண்டியது: அடுத்தவர் இடமானாலும், இருபது வருஷம் ஒளிவுமறைவில்லாமல், அனுமதி கேட்காமல், உரிமையோடு நடந்த பாதை நடந்தவருக்குப் பாத்தியதை. உன் மாமியார் காலத்திலிருந்து அதில் மாடு போகிறது.

இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போடி, ஓடு.

கலா

திருவண்ணாமலை
2-3-1979

அன்புள்ள கலா,

அப்பாதுரை என்று ஒரு வக்கீலைப் பிடித்து, கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது மனுப் போட்டேன். போன வாரம் விசாரித்தார்கள். ஜட்ஜ் ஏனம்மா வரவில்லை என்றார். “வாங்கினா ஒத்துக்கிட்டதா ஆயிடும்னு பயந்துட்டேன் ஐயா, அதான் வெள்ளையடிச்சிட்டேன்” என்றேன். கோர்ட்டே சிரித்தது, ஜட்ஜும்கூட. உங்கள் வக்கீல் எழுந்து ஆட்சேபணை இல்லை என்றார். உன் வீட்டுக்காரர் அவரை முறைத்த முறைப்பைப் பார்த்தபோதுதான், சொல்லச் சொன்னது யார் என்று எனக்குப் புரிந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

தீர்ப்பு ரத்து. பதிலும் போட்டாகிவிட்டது. ஆனால் இருபது வருஷமாக மாடு போனதைப் பார்த்த சாட்சி வேண்டுமாம். தெருவில் பழைய ஆட்கள் யாரும் இல்லை. சின்ன வயதிலிருந்து அந்தச் சந்தில் சாணி மிதித்தவள் ஒருத்திதான் மிச்சம். அவள்தான் வாதி. வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

செவலை கன்று போட்டிருக்கிறது. சீம்பால் உனக்குக் கொடுக்க முடியவில்லையே என்று இருக்கிறது.

உன் சரோஜா

வேலூர்
9-6-1979

என் சரோஜாவுக்கு,

நேற்று இவரிடம் சொல்லாமல் எங்கள் வக்கீலிடம் போனேன். கூண்டில் ஏறினால் மாடு போனது உண்மை என்றுதான் சொல்வேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த வழக்கை யார் நிறுத்தலாம் என்று கேட்டேன். “நீங்கதாம்மா நிறுத்தணும். வாதி நீங்க. உங்க வீட்டுக்காரர் வெறும் துணைக்கு வர்றவர்” என்றார். இத்தனை நாள் இது தெரியாமல் இருந்தேன் பார்!

வாபஸ் வாங்கட்டுமா என்றேன். வேண்டாம், எழுத்தில் ஒன்றும் நிற்காது, நாளைக்கு வீடு கைமாறினால் மறுபடி தகராறு வரும் என்றார். ராஜி மனு என்றால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஜட்ஜ் முன் ஒத்துக்கொள்ளவேண்டும். அதுவே தீர்ப்பாகிவிடும். சந்து இரண்டு வீட்டுக்கும் பொதுப்பாதை, செவலையும் அதன் வாரிசுகளும் போகலாம் என்று எழுதச் சொன்னேன். வாரிசை அடித்துவிட்டு ‘கால்நடைகள்’ என்று எழுதினார். இந்தத் தடவை ஒவ்வொரு வரியும் படித்துக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். ராத்திரி தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்தார். காலையில் காபியைக் குடித்துவிட்டு, சந்துக்குப் பதில் அறையைக் கிழக்குப் பக்கம் கட்டினால் தங்குகிறவர்களுக்குப் பால் அடுத்த வீட்டிலேயே கிடைக்குமே என்றார், தானே கண்டுபிடித்த மாதிரி. நானும் ஆமாம் என்றேன்.

இருபத்தைந்தாம் தேதி வாய்தா. முதல் பஸ்ஸில் வந்து உன் வீட்டில்தான் இறங்குவேன். காபி போட்டு வை. இரண்டு பேரும் சேர்ந்தே கோர்ட்டுக்குப் போவோம். வாதி, பிரதிவாதி என்று நம் பெயரைக் கூப்பிடுவார்கள். மூன்று தரம் கூப்பிட விடாதே, முதல் கூப்பாட்டுக்கே என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வா.

உன் கலா