பெரிய பாயில் ஒரு கோணல் தையல்

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் "இல்லாம என்ன?" என்று முறைப்பாய். அதனால் கேட்கவில்லை.

ஸ்கூனர் என்கிற பழைய மீன்பிடிப் பாய்க்கப்பல்களுக்கு ஒரு பந்தயம் வைத்திருக்கிறார்கள். அப்பா ஓட்டிய நம் 'சீமாட்டி'யையும் சேர்த்து ஏழு கப்பல்கள். சீமாட்டியின் சுக்கான் என் கையில்! நீ தைத்த பெரிய பாயை ஏற்றிவிட்டால் அவள் அழகுக்கு ஈடே இல்லை. சின்ன வயதில் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து, பாயில் போட்ட ஒட்டுத்துணியை வைத்தே எந்தக் கப்பல் என்று சொல்வோமே, நினைவிருக்கிறதா? நீதான் எப்போதும் முதலில் கத்துவாய்.

பதினான்காம் தேதி மதியம் மூன்று மணிக்கு உன் ஊர்த் துறைக்கு வந்துவிடுவோம். ஆறு வருடம் ஆகிறது அக்கா, முகம் பார்த்து. சுவருக்கு வா.

உன் தம்பி

ஜூன் 6

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்தப் பாயில், மேலிருந்து நான்காவது இணைப்பில் ஒரு வரிசைத் தையல்தான் இருக்கிறது. இரண்டு வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? கடலுக்குப் போகாதே என்று நான் சொல்ல, நீ கதவை அறைந்துவிட்டுப் போன நாள் அது. அழுத கண்ணோடு பாதியில் மடித்து வைத்தேன். மறுநாள் நான் எழுவதற்குள் கப்பல்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சொன்னால் பாய்க்காரி என்ற பேர் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். தப்புதான். காற்று அடித்தாலே எழுந்து வாசலில் போய் நிற்கிறேன்.

அதை ஏற்றாதே. சின்னப் பாயோடு கடைசியாக வா. உடனே பதில் போடு.

அக்கா

ஜூன் 11

அக்கா,

அது எனக்கு முதல் பயணத்திலேயே தெரியும். பாயை விரித்ததும் பார்த்துவிட்டேன். கையில் கிடைத்த சிவப்பு வலைநூலால் இரண்டாவது வரிசையை நானே போட்டேன். கப்பல்காரர் கேட்டதற்கு, எலி கடித்துவிட்டது என்றேன். கோழி கிளறியது போல இருக்கும், சிரிக்காதே. உன்னிடம் சொன்னால் உடைந்து போவாய் என்றுதான் சொல்லவில்லை.

பெரிய பாயைத்தான் ஏற்றுகிறேன்.

தம்பி

ஜூன் 14, துறைமுகச் சுவர்

என் கண்ணான தம்பிக்கு,

காலையில் உன் கடிதம் வந்தது. சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். அதற்குள் காற்று கிளம்பிவிட்டது. ஒரு பொத்தான் தைக்கத் தெரியாதவன் நீ! உன் தையலை நம்பி நான் எப்படி நிம்மதியாக இருப்பது?

மணி ஆறு. துறைமுக எழுத்தரை நான்கு முறை கேட்டுவிட்டேன். "ஆறு கப்பல் வந்தாச்சும்மா. ஏழாவது என்னாச்சுன்னு தெரியல. வீட்டுக்குப் போங்க, சொல்லி அனுப்புறோம்" என்கிறார். எங்கே போவது? சும்மா நிற்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். அன்று நான் உன்னைத் திட்டாமல் இருந்திருக்கலாம்.

ஏதோ ஒரு பாய் தெரிகிறது. பலத்த காற்றுக்காக அடிப்பக்கம் சுருக்கிக் கட்டியிருக்கிறது. யாருடையதோ.

மேலே ஒரு சிவப்புக் கோடு. கோணல்மாணலாக.

கத்திவிட்டேன்டா. எழுத்தர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். இதற்குத் தபால்தலை ஒட்டப் போவதில்லை. இறங்கி வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொள்.

அக்கா