அம்மாவை எடுக்கலாமாம்

12.11.2004, வெள்ளி. எசன், ஜெர்மனி

என் வயிற்றில் இருப்பது தோடம்பழம் அளவில் ஒரு கட்டி. "என்ன அக்கா, விசேஷமோ?" என்று கோயிலில் கேட்ட வாய்களுக்கு இனி இதைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டாலும் ஞாயிறுக்குள் தெரிந்துவிடும், நான் எங்கள் ஆட்களை நம்புகிறேன்.

டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல மகளைக் கூட்டிப்போனேன். கட்டியை மட்டும் வெட்டலாமாம், ஆனால் திரும்பவும் வரலாம். அதற்குப் போகிற இரத்தக் குழாயை அடைத்துச் சுருங்க வைக்கலாமாம். மூன்றாவதில் பிள்ளை தடுமாறினாள். கருப்பைக்கான ஜெர்மன் சொல்லில் 'அம்மா'வும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்ச் சொல் அவளுக்குத் தெரியாது.

"அம்மா... அந்த அம்மாவை முழுசா எடுக்கலாமாம்."

"எடுத்து எங்கை வைக்கப்போகினமாம்?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு டொக்டர் ஏதோ கேட்டார். அவள் என்னைப் பாராமலே "நைன்" என்று பதில் சொல்லிவிட்டாள்.

"என்னடி கேட்டவர்?"

"உங்களுக்கு இனியும் பிள்ளை வேணுமோ எண்டு. இல்லையெண்டு சொன்னனான்."

நாற்பத்தாறு வயதில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இரத்தம் போய்ப்போய்ப் படியேறவும் ஏலாத எனக்கு, முழுவதையும் எடுத்தால் நிம்மதிதான். என்றாலும் அந்த 'இல்லை' என் வாயால் வந்திருக்கவேண்டும்.

திங்கட்கிழமை முடிவைச் சொல்லவேண்டும். மகளைக் கேட்காமல் நானே போன் எடுக்கப்போகிறேன். எதை எடுக்கச் சொல்வேனோ, இன்னும் தெரியாது. ஜெர்மனில் சொல்லப்போகும் முதல் சொல் மட்டும் தெரியும்: இஷ். நான்.