உப்புக்கு ஒரு எடை, மிளகாய்த்தூளுக்கு ஒரு எடை

ஓசூர்
10-6-1959

சௌபாக்கியவதி காவேரிக்கு அண்ணன் முனிவேல் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அப்பா இருந்தால் அவர் எழுத வேண்டிய கடிதம். அவர் இல்லாததால் அம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறாள். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

போன மாதம் நீ போட்ட ஆவக்காய் பூசணம் பூத்து, உன் மாமியார் ஜாடியோடு கொட்டிவிட்டு, இனி அடுப்பங்கரைப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உனக்குக் கைப்பக்குவம் போதாது என்று நானும் சொல்லித் தொலைத்தேன். தப்பு என்னுடையது. அங்கே எல்லாம் கிலோக் கணக்குதான், அம்மாவின் படியை எடையாக மாற்றிக் கொடு என்று நீ கேட்டபோது, ஒரு படி அரிசியை நிறுத்துப் பார்த்து, படிக்கு ஒரு கிலோ நானூறு கிராம் என்று எழுதி அனுப்பினேன். டிப்ளமா படித்து, பெங்களூர் ஃபாக்டரியில் மயிரிழை பிசகாமல் இரும்பு கடைகிறவனுக்கு, அரிசியும் உப்பும் மிளகாய்த்தூளும் ஒரே கனமாக இருக்காது என்று தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அளக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மிளகாய்த்தூளையும் கடுகுத்தூளையும் ஒவ்வொரு படி தலைதட்டி அளந்தவள் உப்புப் படியை மட்டும் கோபுரமாகக் குவித்தாள். ஏன் தட்டவில்லை என்றேன். "உப்பத் தல தட்டி அளந்தா வூடு வெளங்குமாடா?" என்கிறாள். இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்றால், நீ கேட்டாயா என்கிறாள். இவளிடம் என்ன பேசுவது. மூன்றையும் மூட்டை கட்டி பஸ்ஸில் கொண்டுபோய் ஃபாக்டரி ஸ்டோர் தராசில் வைத்தேன். ஸ்டோர்கீப்பர் திம்மப்பன், "என்ன சார், இனிமே உப்பையும் கடைசல் புடிக்கப் போறீங்களா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார்.

நாற்பது காய்க்கு மூன்றும் ஒவ்வொரு படிதான், ஆனால் எடையில் உப்பு இரண்டு கிலோ இருநூறு கிராம், மிளகாய்த்தூள் எழுநூற்றைம்பது கிராம், கடுகுத்தூள் தொள்ளாயிரம் கிராம். என் பேச்சைக் கேட்டு உப்பை முக்கால் கிலோவுக்கு மேல் குறைத்து, மிளகாயை ஏறக்குறைய இரட்டிப்பாகப் போட்டிருக்கிறாய். கெடாமல் என்ன செய்யும்? மழை பிடிக்கும் முன்னே மறுபடி போடு. காயை ஈரமில்லாமல் துடை.

இதைச் சொன்னதும் அம்மா கேட்டது ஒன்றுதான். "எழுதினவன் நீ, பேச்சு வாங்கறவ அவளா?" எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. ஆனாலும் உன் மாமியாருக்குத் தனித்தாள் ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். கெடுத்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ படித்துக் காட்டாதே. மாப்பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல். நீ அடுப்பங்கரைக்கு உள்ளே நின்று கேள்.

தீர்க்க சுமங்கலியாக இருக்க வேண்டும் என்று அம்மா உன்னை ஆசீர்வதிக்கிறாள். ஜாடி மூடியதும் ஒரு கார்டு போடு.

இப்படிக்கு,
அம்மா சரோஜம்மாளுக்காகவும் தனக்காகவும்
உன் அண்ணன் முனிவேல்