யானையின் பேச்சை எடுத்த நாள்

செவ்வாய், இரவு

எங்கள் கம்பெனி குழந்தைகளுக்கு வீடியோ கேம் செய்கிறது. பெரியவர்களையும் இழுக்க வேண்டுமானால் துப்பாக்கியும் ரத்தமும் வேண்டும் என்று முதலாளி மோகன் சார் நேற்று சொல்லிவிட்டார். எனக்கு அதை வரைய மனமே இல்லை.

காலையில் வேங்கிக்கால் ஆட்டோ ஸ்டாண்டில் இறங்கும்போது, பெரியவர்களுக்கு எது பிடிக்கவில்லை என்று பார்க்க, ஓட்டி வந்த செல்வம் அண்ணனிடம் என் போனில் எங்கள் யானை கேமைக் கொடுத்தேன். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கால் மணி நேரம் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பிறகு சட்டென்று போனை அணைத்துவிட்டார்.

"பிடிக்கலையாண்ணா?"

"கேம் நல்லாத்தாம்மா இருக்குது. ஜெயிச்சா அந்த யானை 'சமத்துக் குட்டி'னு கத்துது. ஸ்டாண்டுல எல்லாரும் சிரிக்கிறானுங்க. ரொம்ப ஈசியாவும் இருக்குது."

மத்தியானம் யானையின் பேச்சை கேமிலிருந்து எடுத்துவிட்டேன். அது போகும் பாதைகளைக் கடினமாக்கி அவருக்கு அனுப்பினேன். மோகன் சாரிடம் சொன்னபோது, "ஒரு ஆள வச்சு முடிவு பண்ண முடியுமா?" என்றார்.

ஆறு மணிக்கு செல்வம் அண்ணன் கூப்பிட்டார். சார் பக்கத்தில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஸ்டாண்டுல நாலு பேரும் மூணாவது பாதையில மாட்டிக்கினோம்மா. ஒரு மணி நேரமா பாக்குறோம்."

வழி சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"சொல்லிடாதம்மா," என்று அவசரமாக வைத்துவிட்டார்.

சார் சிரித்தார். ஒரு மாதம் துப்பாக்கி வேண்டாம், பார்க்கலாம் என்றார். ஒரு மாதம் போதுமா, தெரியவில்லை. நான்காவது பாதைக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. காலையில் முதலில் அதை வரைய வேண்டும்.