கடுகு ஏன் கை தூக்குகிறான்?

என் அன்பு மருமகள் வாலுவுக்கு,

உன் தாய்மாமன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நான் சௌக்கியம். எனக்குச் சௌக்கியம் இல்லாத நாள் எந்தக் காலண்டரிலும் அச்சாகவில்லை. உன் அப்பாவும் சௌக்கியம்தான். அங்கே குளிர் எப்படி, வேலை எப்படி, அறையில் கூட இருக்கும் பெண் குறட்டை விடுகிறாளா, எல்லாம் விவரமாக எழுது. போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினபோது நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. உன் அப்பாவிடம் போனைக் கொடுக்க முடியவில்லை. பரவாயில்லை மச்சான், அடுத்த வாரம் பேசிக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார். அதனால்தான் கடிதம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் தாங்க முடியாமல் அனுப்பிவிட்டாலும், கடிதம் எழுத உட்கார்ந்தால் என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது.

நீ விமானம் ஏறின மறுநாளே என் கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கும் அறையைப் பூட்டிவிட்டுப் பெட்டியோடு இங்கே வந்துவிட்டேன். எதுக்கு மச்சான் சிரமம் என்றார் உன் அப்பா. என் தங்கச்சியும் போய், நீயும் வெளிநாடு போய், ஒரு மனுஷன் ஒத்தை ஆளாக நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார், நான் சும்மா இருப்பேனா? இப்போது இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் ஓய்வதே இல்லை. டிவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உன் அப்பாவுக்கு எவ்வளவு ஆறுதல் என்று அவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். வாயைத் திறந்து சொல்கிற ஆளா அவர்!

இப்போது தலைப்புச் செய்திக்கு வருகிறேன். உன் தாடி ஓணான்கள் இரண்டையும் ஹாலில் ஒன்று, உள் அறையில் ஒன்று என்று தனித்தனித் தொட்டியில் விட்டுப் போனாயே, பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. சேர்க்காதீங்க மாமா, சண்டை வரும் என்று நீ வாசலில் நின்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. என் கைராசி தெரியாமல் சொல்லிவிட்டாய். அரண்மனைக்கே கண்ணாடி போட்டவன் நான். (அரண்மனை என்பது துணிக்கடையின் பெயர். ஆனாலும் பெரிய கடை.) இரண்டு தொட்டியையும் பிரித்து, சிலிக்கான் பசை வைத்து, ஒரே மாளிகையாக ஒட்டிவிட்டேன். மூடிகூட முழுக் கண்ணாடி. மேலே யானை ஏறி நின்றாலும் கீறல் விழாது.

மாளிகையை வைக்க வெளிச்சமான இடம் ஜன்னல் ஓரம்தான். அங்கே உன் அப்பாவின் வரைபலகை நின்றது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற படவரைவாளருக்கு இன்னும் என்ன பாலம் வரைய வேண்டியிருக்கிறது? மடித்து பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மாளிகைக்குப் பக்கத்தில் என் நாற்காலி. உன் அப்பா உள் அறைக் கட்டிலில் வசதியாக இருக்கிறார்.

நீ பார்க்க வேண்டும் வாலு! பீரங்கி பெரியவன், கடுகு சின்னவன், இரண்டும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. விளக்குக்குக் கீழே சூடான கல்லில் கடுகு படுத்தால் பீரங்கி அவன் முதுகிலேயே ஏறிப் படுத்துக்கொள்கிறான். அப்படி ஒரு பாசம். கடுகு இன்னும் மரியாதைக்காரன். பீரங்கி திரும்பினாலே முன்கையைத் தூக்கி மெல்ல ஒரு சுற்று சுற்றி வணக்கம் சொல்கிறான். ஊரே திரண்டு வந்து பார்க்கிறது. ஊர் என்றால் மாடி வீட்டு அம்மாவும் பேப்பர்காரரும். அந்த அம்மா பதிலுக்கு டாட்டா காட்டிவிட்டுத்தான் போவார். ஏன் கை தூக்குகிறான், யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பான்.

உன் அப்பாவின் சட்டைதான் கொஞ்சம் தொளதொள என்று தெரிகிறது. சலவைக் கடையில் இழுத்துவிட்டார்கள் போல. கேட்கிறேன்.

நீ நன்றாகச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு. இங்கே எல்லாம் என் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் மாமா (கண்ணாடிக் கடை முதலாளி)


என் தங்க மருமகள் வாலுவுக்கு,

உன் பதில் கிடைத்தது. முழுக் கடிதத்திலும் என்னைத் திட்டினாயே தவிர மாளிகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரி, திட்டு. உன் அம்மா திட்டாததா? ஆனால் உன் கடிதம் வருவதற்குள்ளேயே நான் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்பதை நீ ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடுகு சாப்பாட்டை நிறுத்தினான். சில்வண்டை மூக்குக்கு முன்னால் விட்டாலும் பார்க்காமல் மரக்கட்டைக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டான். வயிறு கறுத்து, இடுப்பெலும்பு துருத்தி, பனிக்கட்டி மாதிரி நாளுக்கு நாள் கரைந்தான். முட்டைக்குள்ளிருந்து வந்த நாளிலிருந்து நீ கையில் வைத்து வளர்த்தவன். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் உன் முகத்தில் எப்படி முழிப்பேன்? பழைய சட்டைக்குள் பொதிந்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு மிருக டாக்டரிடம் ஓடினேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து ஓடிவிட்டார். நல்ல இடம் கிடைத்தது.

டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான், வாய் மட்டும் என் வாய். கடுகைப் புரட்டிப் பார்த்துவிட்டு வால் நுனியைக் காட்டினாள். ஒரு துண்டு இல்லை. விரலிலும் கடி. கூட யார் இருக்காங்க என்று கேட்டாள். நான் மாளிகைக் கதையைச் சொன்னேன், பாசக் கதையைச் சொன்னேன், வணக்கக் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

முதுகில் ஏறிப் படுப்பது பாசம் இல்லையாம். நல்ல சூடான இடத்தைப் பிடித்துக்கொள்வதாம். அடியில் கிடப்பவனுக்கு வர வேண்டிய வெயிலை மேலே இருப்பவன் வாங்கிக்கொள்கிறானாம். சூடு இல்லாவிட்டால் இதுகளுக்குத் தின்றது செரிக்காதாம். பீரங்கி அப்படிப்பட்ட ராஸ்கலா என்று கேட்டேன். ராஸ்கல் எல்லாம் இல்ல சார், இடம் தன்னோடதுன்னு நினைச்சுக்கிட்டான், அவ்வளவுதான் என்றாள். இதுகள் தனியாகவே வாழப் பிறந்தவையாம். கடிக்கக்கூட வேண்டாமாம், பெரியவன் எப்போதும் கண் எதிரே இருந்தாலே சின்னவன் ஒடுங்கிப்போவானாம்.

அப்புறம் அந்தக் கை. நான்தான் விடாமல் கேட்டேன், ஏன் கை தூக்குகிறான் என்று. வணக்கம் இல்லையாம் வாலு. நீதான் பெரியவன், எனக்கு ஒண்ணும் வேண்டாம், என்னை விட்டுடு என்று அர்த்தமாம்.

என் மூடிக்கும் ஒரு குட்டு வைத்தாள். உடம்புக்கு வேண்டிய ஒருவகை வெளிச்சம் கண்ணாடி வழியாக இறங்காதாம், கம்பி வலைதான் வேண்டுமாம். முப்பது வருஷமாகக் கண்ணாடி அறுக்கிறேன், கண்ணாடி வழியாக எல்லா வெளிச்சமும் போகும் என்று ஊருக்கே சொல்லி விற்றிருக்கிறேன். கண்ணாடி இப்படி ஒரு வேலை செய்யும் என்று எனக்கே தெரியாமல் போயிற்று பார்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கடை ஜன்னல்களை நின்று நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். முழங்கால் மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் தாளை வைத்து, இரண்டு தனித்தனித் தொட்டிக்குப் படம் வரைய ஆரம்பித்துவிட்டார். நீளம், அகலம், விளக்கு எங்கே, நிழல் எங்கே என்று கோடு கோடாக. உள் அறையில் வெளிச்சமே இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரைகிறார். மாப்பிள்ளை, இங்கே என் நாற்காலிக்கு வாங்க, ஜன்னல் பக்கம் வெளிச்சம் இருக்கு என்று கூப்பிட்டேன். அவர் தலை நிமிரவில்லை. வலது கையை மட்டும் கொஞ்சமாகத் தூக்கி, மெல்ல ஒரு சுற்று சுற்றி, இருக்கட்டும் மச்சான், நீங்க உக்காருங்க என்றார்.

வாலு, நான் டிவியை அணைத்துவிட்டேன்.

சரி, தொட்டி விஷயத்துக்கு வருகிறேன், உனக்கு அதுதானே முக்கியம். மாளிகையை நானே அறுத்தேன். கல்யாணப் பந்தலைப் பிரிப்பது மாதிரிதான் இருந்தது. உன் அப்பா வரைந்தபடி இரண்டு புது வீடு, இரண்டுக்கும் வலை மூடி. ஒரு கோடியில் சூட்டு விளக்கும் அதற்குக் கீழே சொரசொரப்பான கல்லும். மறு கோடி குளிர்ச்சி, அங்கே ஒளிந்துகொள்ள ஒரு குகை. நடுவில் ஏறி இறங்க ஒரு கிளை. டாக்டரம்மா சொன்ன அந்த வெளிச்சத்துக்கு நீளமான குழல் விளக்கு தனி. இரண்டு கோடியிலும் வெப்பமானி தொங்குகிறது. சூடு வேண்டும் என்றால் அவனே அந்தப் பக்கம் போவான், போதும் என்றால் இந்தப் பக்கம் வருவான், நாம் தள்ளிவிடக் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு. மணல் போடவில்லை, வயிற்றுக்குள் போய் அடைக்குமாம். தரைக்கு என் கடையில் மிச்சம் கிடந்த ஓடுகள்.

ஒருவன் கண்ணில் ஒருவன் படக் கூடாது என்பதால் நடுவில் பலகை வைக்கலாம் என்று முதலில் நினைத்தோம். யோசித்துப் பார்த்தேன். இந்த ஹாலில் இரண்டு சூட்டு விளக்கு எரிந்தால் வீட்டு ஒயர் தாங்காது. மின்சாரம் பற்றி எனக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? அதனால் பீரங்கி என்னோடு கடை மாடிக்கு வருகிறான். கடையையும் பார்த்த மாதிரி இருக்கும். உன் அப்பா, ஒயர் தாங்கும் மச்சான், நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன் என்றார். படவரைவாளருக்கு ஒயரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டிவிட்டேன். வரைபலகையை பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் துடைத்து ஜன்னல் ஓரம் விரித்து வைத்தாயிற்று. ஒரு திருகு ஆடியது, அதையும் முறுக்கிவிட்டேன்.

கடுகு இன்னும் சாப்பிடவில்லை. பிழைப்பான் என்று டாக்டரம்மா உறுதியாகச் சொல்லவில்லை. நீ அங்கிருந்து ஒரு வார்த்தை வேண்டிக்கொள்.

உன் மாமா


அன்பு வாலுவுக்கு,

கடுகு சாப்பிட்டான்!

முதலில் ஒரு கீரை இலை, அப்புறம் ஒரு சில்வண்டு. உன் அப்பா நடந்தே கடைக்கு வந்து சொன்னார். போனில் சொல்லியிருக்கலாம். வந்தார். கல்லின் மேல் வாயைத் திறந்துகொண்டு ராஜா மாதிரி கிடக்கிறானாம், வயிறு வெளுத்துவிட்டதாம். கை தூக்குகிறானா என்று கேட்டேன். யாரைப் பார்த்துத் தூக்கணும் என்றார். டாக்டரம்மா எடை போட்டுப் பார்த்துவிட்டு இனிப் பயம் இல்லை என்று சொல்லிவிட்டாளாம்.

பீரங்கி கதை வேறு. புதுத் தொட்டியில் வைத்த அன்றே தாடி கரியாகக் கறுத்து, உப்பி, சுவரை முட்டினான். எதிரே யாரும் இல்லையே என்று பார்த்தால், என் கண்ணாடி அவ்வளவு சுத்தம்! அதில் தெரிகிற தன்னோடேயே சண்டைக்குப் போகிறான். மூன்று பக்கம் தாள் ஒட்டினேன், அடங்கிவிட்டான். இப்போது நான் அவனைப் பார்க்கிறேன், அவன் என்னைப் பார்க்கிறான். தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரு கண்ணால் பார்ப்பான். என்ன நினைக்கிறான் என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். கூட்டாளி இல்லையே என்று இவன் தேட மாட்டானா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். தேட மாட்டான் சார், அவனுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது என்றாள். படித்தவள் சொல்கிறாள். ஆனால் சாயங்காலம் விளக்கை அணைப்பதற்கு முன்னால் கதவுப் பக்கம் திரும்பித்தான் உட்காருகிறான், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேற்று உன் அப்பாவைப் பார்க்கப் போனேன். என்ன வரைகிறார் என்று எட்டிப் பார்த்தேன். கடுகைத்தான் வரைகிறார், ஒவ்வொரு முள்ளாக, தாடியில் முள் எத்தனை என்று எண்ணி எண்ணி. நான் பக்கத்திலேயே நின்று எப்படி வரைய வேண்டும் என்று நல்ல நல்ல யோசனையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அவர் நிமிர்ந்து என்ன சொன்னார் தெரியுமா? மச்சான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது என்றார்.

என்னிடம்! தள்ளி நில்லுங்க என்று! உன் அம்மா கழுத்தில் தாலி கட்டின நாளிலிருந்து அவர் என்னிடம் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். உடனே தள்ளி நின்றேன். சந்தோஷத்தில் சுவர் வரைக்கும் போய்விட்டேன். அப்புறம் சாப்பிட்டுட்டுப் போங்க என்றார், சாப்பிட்டேன். அவரும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். சட்டை விஷயத்தில் சலவைக் கடைக்காரர் மேல் தப்பில்லை, அவரிடம் சண்டைக்குப் போனதை மறந்துவிடச் சொல்லிவிட்டேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை போன் உன் அப்பாவுக்கு. நான் அந்த நேரத்தில் அந்தப் பக்கமே போக மாட்டேன், கடையில் தலைக்கு மேல் வேலை. மெதுவாகப் பேசுவார், நடுவில் நிறுத்துவார், லைன் போய்விட்டதோ என்று நினைத்து வைத்துவிடாதே. காத்திரு. சொல்ல நிறைய வைத்திருக்கிறார்.

ஒன்றே ஒன்று. திங்களோ செவ்வாயோ உனக்கு ஒழிகிற நேரத்தில் கடை நம்பருக்கும் ஒரு போன் போடு, கொஞ்ச நேரம் போதும். எனக்காக இல்லை. பீரங்கிக்கு உன் குரல் கேட்டுப் பழக்கம், அவன் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

நீ இருக்கும் இடத்தில் உனக்கென்று ஒரு ஜன்னலும், அதில் விழ வெயிலும் இருக்கட்டும்.

உன் தாய்மாமன்